முதலில் தெருவைப் பாருங்கள்



முழு ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு சென்னையில் வீடு தேடும் படலம் தொடங்கிவிடும். ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் மாறியாக வேண்டும். ஆடி பிறந்துவிட்டால் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள். அதனால் சித்திரை, வைகாசி வெயிலில் கணவனும் மனைவியும் நடுவில் ஒரு குழந்தையை உட்காரவைத்துக்கொண்டு பைக்கில் தெருத் தெருவாக அலைகிறார்கள். டூலெட் போர்டு கண்ணில் பட்டதும் வண்டியை நிறுத்துகிறார்கள். மாடியேறிப் போய் ஹால், கிச்சன், பாத்ரூம் பார்க்கிறார்கள். பத்து நிமிஷத்தில் இறங்கி வந்து வாடகையும் அட்வான்ஸும் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். தெருவை நின்று பார்க்க அவர்களுக்கு நேரம் இருப்பதில்லை. இந்த இதழில் அந்தத் தெருவைப் பற்றித்தான் உங்களோடு பேச ஆசைப்படுகிறேன்.

எந்த ஏரியா என்பதை நம் வீடுகளில் பெரும்பாலும் சம்பாதிப்பவரின் ஆபீஸ்தான் முடிவு செய்கிறது. ஓ.எம்.ஆரில் வேலையென்றால் மேடவாக்கம், சோழிங்கநல்லூர். அம்பத்தூர் எஸ்டேட் என்றால் பாடி, கொரட்டூர். இதில் நியாயம் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஆபீஸ் போகிறவர் காலை எட்டரைக்குக் கிளம்பி இரவு எட்டரைக்குத் திரும்புகிறார். பகல் முழுக்க அந்தத் தெருவில் வாழப்போவது குழந்தையும் பாட்டியும், வீட்டைக் கவனித்துக்கொள்பவரும்தான். வீட்டில் அதிக நேரம் யார் இருக்கப்போகிறாரோ, அவருடைய கண்ணால் ஏரியாவைப் பார்க்க வேண்டும், அவர் நடந்து போகிற தூரத்தில் என்னென்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

வயதான அம்மா உங்களோடு இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்துக்கடை, ஒரு சின்ன கிளினிக், ஒரு கோயில், வழியில் உட்கார ஒரு திண்ணையோ பூங்கா பெஞ்சோ, இவை பத்து நிமிஷ நடைக்குள் இருந்தால் அவர் யாரையும் எதிர்பார்க்காமல் தன் பொழுதைத் தானே பார்த்துக்கொள்வார். நங்கநல்லூரில் இத்தனை பெரியவர்களைப் பார்க்கக் காரணம் இதுதான். 32 அடி ஆஞ்சநேயரில் தொடங்கி, தெரு திரும்பினால் ஒரு கோயில். சாயங்காலமானால் வாசலில் உட்கார்ந்து பேச ஆள் இருக்கிறது. பழவந்தாங்கல் ரயில் நிலையமும் மெட்ரோவும் கிட்டே. தெருக்கள் குறுகல், மழை பெய்தால் பழவந்தாங்கல் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றுவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அண்ணா நகரும் கே.கே. நகரும் வீட்டு வசதி வாரியம் திட்டம் போட்டு உருவாக்கியவை. அதனால்தான் அங்கே அகலமான சாலையும், மரமும், குழந்தையை ஓடவிட ஒரு பூங்காவும் கிடைக்கின்றன. 1968 உலக வர்த்தகக் கண்காட்சிக்காகக் கட்டிய கோபுரம் நிற்கிற அண்ணா நகர் பூங்காவும், கே.கே. நகர் சிவன் பூங்காவும் அந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு வீட்டின் இன்னொரு அறை. வாடகை கையைக் கடிக்கும், உண்மைதான்.

வடசென்னை என்றதுமே வேண்டாம் என்று தலையாட்டுகிறவர்களிடம் நான் எப்போதும் பெரம்பூரைப் போய்ப் பார்க்கச் சொல்வேன். ரயில் பெட்டித் தொழிற்சாலையும் ரயில்வே பணிமனைகளும் வளர்த்தெடுத்த ஊர் அது. தலைமுறை தலைமுறையாகச் சம்பளக்காரக் குடும்பங்கள் வாழ்ந்த இடம் என்பதால் பள்ளி, ஆஸ்பத்திரி, மார்க்கெட், ரயில் எல்லாம் அதனதன் இடத்தில் அமைந்திருக்கின்றன. பக்கத்திலேயே பெரியார் நகர் அரசு மருத்துவமனை. மேம்பாலத்தை ஒட்டி ஒரு பூங்காவும் உண்டு. தென்சென்னையில் ஒரு பெட்ரூமுக்குக் கேட்கிற வாடகைக்கு இங்கே சற்றே பெரிய வீடாகக் கிடைக்க வாய்ப்பு அதிகம். தென்மாவட்டங்களிலிருந்து வந்தவர்களுக்கு வேறொரு கணக்கு இருக்கிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போக வேண்டும், ஊரிலிருந்து அப்பா அம்மா மூட்டை முடிச்சோடு வந்து இறங்க வேண்டும். கிளாம்பாக்கத்தில் பேருந்து நிலையம் திறந்த பிறகு தாம்பரம், பெருங்களத்தூர், ஊரப்பாக்கம் பக்கம் அவர்கள் வீடு தேடுவதில் அர்த்தம் இன்னும் கூடியிருக்கிறது.

ஏரியா மனதுக்குப் பிடித்துவிட்டால், தெருவை ஒரே நேரத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். புரோக்கர் உங்களைக் காலை பத்து மணிக்கு அழைத்துப் போவார். அப்போது எல்லாத் தெருவும் சாது. டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத்தான் திறக்கும். மாநகராட்சி எல்லைக்குள் பள்ளியிலிருந்தும் கோயிலிலிருந்தும் 50 மீட்டர் தள்ளி இருந்தாலே போதும் என்பது விதி. 50 மீட்டர் என்பது எவ்வளவு கிட்டே என்று டியூஷன் முடிந்து திரும்புகிற பெண் பிள்ளையின் அம்மாவுக்குத் தெரியும். எனவே சாயங்காலம் ஏழரைக்கு ஒரு தடவை, இரவு ஒன்பதுக்கு மேல் ஒரு தடவை போய் வாருங்கள். தெருவிளக்கு எரிகிறதா, பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு வரை கடை வெளிச்சம் இருக்கிறதா, நாய்கள் கூட்டமாகத் துரத்துகின்றனவா, பெண்கள் சாதாரணமாக நடந்து போகிறார்களா என்று பாருங்கள். சின்னப் பிள்ளைகள் தெருவில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தால், மாடியிலிருந்து ஒரு பாட்டி அவர்களைப் பெயர் சொல்லி அதட்டினால், அந்தத் தெருவுக்கு என் ஓட்டு. உங்கள் பிள்ளையையும் நாளைக்கு அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

யாரிடம் விசாரிப்பது? வீட்டுக்காரரும் புரோக்கரும் வீட்டைப் பற்றி நல்லதைத்தான் சொல்வார்கள். தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரிடம் நாலு சட்டையைக் கொடுத்துவிட்டு நில்லுங்கள். "இந்த மூணாவது வீடு டூலெட் போட்டிருக்காங்களேண்ணா, எப்படி?" என்று கேளுங்கள். முன்பு குடியிருந்தவர்கள் ஏன் காலி செய்தார்கள், தண்ணீர் எப்படி, எந்த வீட்டில் சத்தம் அதிகம் என்று கரி காய்வதற்குள் சொல்லிவிடுவார். பால் போடுகிற அக்காவும் அப்படித்தான். இவர்களுக்குத் தெரு முழுக்கத் தெரியும், உங்களை ஏமாற்ற ஒரு காரணமும் கிடையாது.

தண்ணீரைப் பற்றி விசாரிக்காமல் சென்னையில் அட்வான்ஸ் கொடுக்கவே கூடாது. 2019 கோடையை மறந்திருக்க மாட்டீர்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய வறண்டுபோய், ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டு வந்தார்கள். கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் வந்திருந்தாலும், ஓ.எம்.ஆர் பக்கத்து அடுக்குமாடிகள் பலவும் இன்னும் லாரியை நம்பித்தான் இருக்கின்றன. அந்தச் செலவு மெயின்டனன்ஸில் வந்து உட்காரும். வீடு பார்க்கும்போது பாத்ரூம் குழாயின் வாயைக் குனிந்து பாருங்கள். வெள்ளையாக உப்பு பூத்து, ஷவரின் துளைகளில் பாதி அடைத்திருந்தால் போர் தண்ணீர் கடினமானது. அதில் துவரம்பருப்பு லேசில் வேகாது, சோப்பு நுரைக்காது, கைக்குழந்தையின் துணி மொடமொடவென்று ஆகிவிடும். குடிநீர் வாரியம் தரும் மெட்ரோ தண்ணீருக்குத் தனிக் குழாய் உண்டா, எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது, சம்ப் எவ்வளவு பெரியது, மே மாதம் மோட்டார் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று வீட்டில் சமைப்பவரே கேட்கட்டும். ஆண்கள் வாடகையைக் கேட்பார்கள், இதைக் கேட்க மறந்துவிடுவார்கள்.

தண்ணீர் இல்லாத கவலை ஒரு பக்கம் என்றால், வெள்ளம் இன்னொரு பக்கம். 2015 டிசம்பரில் அடையாற்றங்கரையில் முடிச்சூர், வரதராஜபுரம், ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் பட்ட பாட்டைப் பார்த்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வேளச்சேரியையும் பள்ளிக்கரணையையும் பெரும்பாக்கத்தையும் மூழ்கடித்தது. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு, உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற ராம்சர் அங்கீகாரம் 2022இல் கிடைத்தது. அதைச் சுற்றி நாம் கட்டிவிட்ட வீடுகளுக்குள் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வருகிறது. அதற்காக ஒரு ஏரியாவையே ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஒரு தெரு மூழ்கும், அடுத்த தெருவில் காலே நனையாது. ஆகவே ஏரியாவின் பெயரை வைத்துக் கேட்காதீர்கள். இந்த வாசலில், இந்தப் படியில், 2015இல் எவ்வளவு நின்றது, 2023இல் எவ்வளவு நின்றது என்று கையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கணுக்காலா, முழங்காலா, இடுப்பா என்று அக்கம்பக்கத்தார் சரியாகக் காட்டுவார்கள். காம்பவுண்டுச் சுவரில் கோடு போட்டதுபோல் ஒரு கறை இருந்தாலோ, மீட்டர் பெட்டியைக் கைக்கு எட்டாத உயரத்துக்குத் தூக்கி மாட்டியிருந்தாலோ காரணம் கேளுங்கள். வாசலிலிருந்து வீட்டுக்குள் இறங்கிப் போக வேண்டியிருந்தால் கட்டாயம் யோசியுங்கள். பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே தார் போட்டதால் எத்தனையோ வீடுகள் தெருவுக்குக் கீழே போய்விட்டன. சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட வேண்டி வந்தது.

மாடி வீடுதானே, நமக்கென்ன என்பார்கள். கீழே தண்ணீர் நின்றால் கரண்ட்டை நிறுத்திவிடுவார்கள். கரண்ட் இல்லையென்றால் மோட்டார் ஓடாது, லிஃப்ட் ஓடாது. கைக்குழந்தையோடு, இன்சுலினை ஃபிரிட்ஜில் வைத்திருக்கும் மாமியாரோடு, மூன்றாம் மாடியில் இரண்டு நாள் உட்கார்ந்திருக்க உங்களால் முடியுமா என்று கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அதை நீங்களே எனக்குச் சொல்லித் தருவீர்கள். ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறேன். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காடு இடங்களுக்கு விண்ணப்பிக்க, நம் மாநிலத்தில் வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். அந்த எண்ணம் இருந்தால் முகவரிச் சான்று உங்கள் பெயரில் கிடைக்கிற வீடாகப் பாருங்கள். மற்றபடி, நாலு வயதுக் குழந்தையை ஒரு மணி நேரம் வேனில் உட்காரவைத்து அனுப்புகிற 'நல்ல' பள்ளியைவிட, பாட்டி கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போகிற சுமாரான பள்ளி மேல் என்பேன். வாடகை இரண்டாயிரம் குறைகிறதே என்று தள்ளிப் போனால், வேனுக்கும் பெட்ரோலுக்கும் அதைவிடக் கூடுதலாகக் கொடுக்க நேரிடலாம்.

இனி சட்டம். வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளுக்காக 2017இல் இயற்றிய சட்டம் 2019 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். இருவரும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் ஒழிய அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. காலி செய்யவைப்பதற்காகத் தண்ணீரையோ கரண்ட்டையோ நிறுத்தக் கூடாது. பத்து மாத அட்வான்ஸ் கேட்டுப் பழகிய ஊரில் இதைச் சொல்லிப் பேரம் பேச உங்களுக்கு உரிமை உண்டு. காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகையைப் பிடிப்பார்களா என்பதை முதல் நாளே எழுதி வாங்கிவிடுங்கள். தனி இ.பி. மீட்டர் இருந்தால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உங்களுக்கே வரும். சப் மீட்டர் என்றால் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் வைத்ததுதான் விலை.

வீட்டு உரிமையாளர்களாக இருக்கும் வாசகர்களிடமும் நான் பேசியாக வேண்டும். 'குடும்பத்தினருக்கு மட்டும்' என்று போர்டு மாட்டுகிறோம். வந்து கேட்கும் குடும்பத்திடம் "நீங்க என்ன ஆளுங்க?" என்கிறோம். பெயரைக் கேட்டதும் "இப்பத்தான் அட்வான்ஸ் வாங்கிட்டோம்" என்கிறோம். சைவமா என்று கேட்பதன் பின்னால் என்ன கேள்வி இருக்கிறது என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். இஸ்லாமியக் குடும்பங்களும் தலித் குடும்பங்களும் கணவரை இழந்து பிள்ளைகளோடு தனியாக வாழும் பெண்களும் இந்த நகரத்தில் வீட்டுக்காக எவ்வளவு அலைகிறார்கள் என்பதை நம் அலுவலகத்தில் வேலை செய்பவர்கள் வழியாகவே நான் அறிவேன். நல்ல சம்பளம், நல்ல வேலை, கையில் அட்வான்ஸ், எல்லாம் இருந்தும் வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற குழந்தை அந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. சிலரை உள்ளே விடாத தெருவைக் குடும்பங்கள் வாழ ஏற்ற தெரு என்று என்னால் எழுத முடியாது. வாடகை ஒழுங்காக வருமா, வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். அதற்கு மேல் கேட்காதீர்கள் என்று உங்களைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் தெருவைப் பற்றி எங்களுக்கு எழுதுங்கள். மதுரை, கோவை, திருச்சி, எந்த ஊரானாலும் சரி. தண்ணீர் எப்படி, மழை பெய்தால் எவ்வளவு நிற்கும், குழந்தைகள் எங்கே விளையாடுகிறார்கள், இரவில் நடந்து வர முடிகிறதா என்று நாலு வரி எழுதினால் போதும். குறையையும் மறைக்காமல் எழுதுங்கள், கதவு எண் வேண்டாம். வருகிற கடிதங்களை ஊர் வாரியாகப் பிரித்து, பள்ளி திறப்பதற்கு முன்பே வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்