எருவும் யூரியாவும் எதிரிகள் அல்ல

பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரியும் உய்யக்கொண்டான் வாய்க்கால், புத்தூர் வழியே திருச்சி நகரைக் கடந்து வாழவந்தான்கோட்டை வரை செல்கிறது. வயலுக்குத் தண்ணீர் கொண்டு செல்லும் அந்த வாய்க்காலில் நகரம் சேர்த்தனுப்புவது எது? சாக்கடை! எருவாகியிருக்க வேண்டிய காய்கறிக் கழிவு போய்ச் சேருமிடம் எது? குப்பைமேடு! வயலோ எருவின்றி இளைக்கிறது.

"யூரியா மண்ணைக் கெடுத்தது, அதை அறவே ஒழியுங்கள்" என்பார் ஒரு சாரார். "எருவை நம்பி ஊருக்குச் சோறு போட முடியுமா? மூட்டையைப் பிரித்துக் கொட்டுங்கள்" என்பார் மற்றொரு சாரார். இருவர் பேசுவதும் பாதி உண்மை. பாதி உண்மையை நம்பி நாற்று நட முடியாது.

கணக்கைப் பார்ப்போம். காவிரிப் பாசனத்தில் மத்திய கால நெல்லுக்கு ஏக்கருக்கு 60 கிலோ தழைச்சத்து வேண்டும் என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. ஒரு டன் தொழுவுரத்தில் இருப்பது சுமார் 5 கிலோ. முழுவதையும் தொழுவுரத்தாலேயே தருவதானால் 12 டன் வேண்டும். அதிலும் முதல் போகத்தில் பயிருக்குக் கிட்டுவது ஒரு பகுதியே. மாடு குறைந்துவிட்ட ஊரில் அவ்வளவு எருவுக்கு எங்கே போவது? 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றிலோ 20 கிலோவுக்கு மேல் தழைச்சத்து இருக்கிறது. யூரியாவை ஒழி என்பது விளைச்சலைக் குறை என்பதேயாகும்.

அப்படியானால் யூரியா ஒன்றே போதுமா? போதாது. நாவலூர் குட்டப்பட்டு வேளாண்மைக் கல்லூரிப் பக்கம் சென்று பாருங்கள். களர் மண். அதில் மேலாக இறைத்த யூரியாவின் சத்து அம்மோனியாவாகிக் காற்றோடு போகும். ஜிப்சம் இட்டு, தண்ணீர் கட்டி வடித்து, தக்கைப்பூண்டை மடக்கி உழுதால் மண் இளகும். அதன்பின் இடும் யூரியா பயிருக்குச் சேரும். யூரியாவுடன் ஜிப்சமும் வேப்பம் புண்ணாக்கும் 5:4:1 என்ற அளவில் கலந்து, ஒரே தடவையில் கொட்டாமல் தவணையாக இட்டால் வீணாவது குறையும். ஆனால் மக்காத வைக்கோலை உழுதுவிட்டு உடனே நடாதீர்கள். அதை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தழைச்சத்தைத் தாமே பிடித்துக்கொள்ளும்; பயிர் மஞ்சளிக்கும்.

இது வெறும் ஏட்டுப் பேச்சல்ல. இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் கோதுமை வயலில் 1843 முதல் சோதித்து வருகின்றனர். அங்கே புதிய கோதுமை இரகங்களில் முந்தி நிற்பவை, தொழுவுரமும் தழைச்சத்து உரமும் சேர்ந்து பெற்ற பாத்திகளே. கோவையில் 1909 இல் தொடங்கிய நெடுங்கால எரு ஆய்வுகள் காட்டும் வழியும் இதுவே.

வழி தெரிந்தும் உழவர் ஏன் அதில் நடப்பதில்லை? விலையைப் பாருங்கள்! யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. மிச்சச் செலவை அரசு மானியமாக ஏற்கிறது. 2010 இல் மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் மானிய முறையை மாற்றியபோதும் யூரியாவைத் தொடவில்லை. ஒரு வண்டி எருவுக்கோ விலையும், ஏற்றுகூலியும், இறைக்கும் கூலியும் உழவன் தலையில். கைக்கு எட்டுவதைத்தானே இல்லாதவன் வாங்குவான்? குற்றம் அவனுடையதா?

ஆகவே நாம் கேட்பது இதுதான்: யூரியாவுக்குத் தரும் மானியத்தில் கை வைக்க வேண்டாம், மக்கிய எருவுக்கும் அதுபோல் கை கொடுங்கள். நகரக் குப்பையை வீட்டிலேயே தரம் பிரித்து உரமாக்கி, சோதித்து, வயல் வரப்பு வரை கொண்டு சேருங்கள். சம்பாவுக்கு முன்பே, விதைக்கும் நாள் தவறாமல், தக்கைப்பூண்டு விதை கிடைக்கட்டும்.

நகரம் உண்ணும் சோறு வயலிலிருந்து வருகிறது. வயலுக்கு நகரம் திருப்பித் தர வேண்டியது எரு, சாக்கடை அல்ல!