உடல் நலம்: கட்டி தேடும் குருதி

குரல் கம்மினால் மிளகையும் பனங்கற்கண்டையும் வாயில் அடக்கிக்கொள்வது நம் இல்லங்களின் வழக்கம். சளியால் வந்த கம்மல் சில நாட்களில் தானே நீங்கிவிடும். மூன்று வாரமாகியும் நீங்காத கம்மலைக் குறித்துத்தான் அன்பர்கள் கவலை கொள்ளவேண்டும். தொண்டைப் புற்று எவ்வாறு வேரூன்றுகிறது என்பதை அறிந்தால் இதன் காரணம் விளங்கும்.

நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவுக்கும் பிராணவாயுவும் உணவும் இரத்தத்தின் வழியாகவே வந்து சேர்கின்றன. நுண்ணிய இரத்தக் குழாயிலிருந்து மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு தூரத்திற்கு அப்பால் பிராணவாயு பரவ இயலாது. ஆகையால் தனக்கெனக் குழாய்கள் இல்லாத புற்றுக்கட்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவிலேயே நின்றுவிடும். மேலும் வளர வேண்டுமாயின், அண்டையிலுள்ள குழாய்களைக் கிளைவிடச் செய்து, குருதியைத் தன்பால் ஈர்த்துக்கொள்ள வேண்டும். இக்கருத்தை 1971 இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் வெளியிட்டபோது ஐயுற்றவர் பலர். பின்னர், 1989 இல், குழாய் வளர்ச்சியைத் தூண்டும் புரதமொன்றை நெப்போலியோன் ஃபெராராவும் அவருடைய குழுவினரும் பிரித்தெடுத்தனர். கருவில் சிசு வளரவும், புண் ஆறவும் துணை நிற்கும் அதே புரதத்தைப் புற்று தன் நலத்துக்குப் பயன்படுத்திக்கொள்கிறது.

ஆயினும், அவசரத்தில் எழும் இக்குழாய்கள் செவ்வையாக அமைவதில்லை. ஓரிடத்தில் பருத்தும், ஓரிடத்தில் சிறுத்தும், கோணலாக வளைந்தும், வழியின்றி முடிந்தும் கிடக்கும். சுவரிலுள்ள இடைவெளிகளின் வழியே நீர் கசியும். எனவே கட்டியின் சில பகுதிகள் பிராணவாயு இன்றித் தவிக்கின்றன. இது நோயாளிக்கு நன்மையன்று. கதிர்வீச்சு தன் வேலையைச் செவ்வனே செய்வதற்குப் பிராணவாயு வேண்டும். அது குறைந்த அணுக்களை அழிக்க இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர் தேவைப்படும். சிகிச்சை நடக்கும்போதும் புகைபிடிப்பவரின் இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு என்னும் நஞ்சு கலந்து பிராணவாயுவை மேலும் குறைக்கிறது. "நோய் வந்துவிட்டது, இனி விட்டென்ன?" என்று பீடியைத் தொடர்வோர் இதனைக் கருதுவாராக.

புதிய குழாய்களைத் தடுக்கும் மருந்தொன்று 2004 இல் அமெரிக்காவில் பெருங்குடற் புற்றுக்கு ஒப்புதல் பெற்றது. தொண்டைப் புற்றில் அது எதிர்பார்த்த பயனைத் தரவில்லை, இரத்தப்போக்கும் மிகுந்தது. ஆனால் இக்குழாய்களைக் கண்ணால் காணும் முறை கைகொடுத்திருக்கிறது. நீலமும் பச்சையுமான குறிப்பிட்ட ஒளியைக் குழல் கருவி வழியே பாய்ச்சினால், இரத்தம் அவ்வொளியை உறிஞ்சிக்கொள்வதால் குழாய்கள் கருமையாகத் துலங்கும். நலமான குரல் நாணில் அவை நாணின் நீளவாட்டில் ஓடும். புற்று முளைக்குமிடத்தில் செங்குத்தாக எழுந்து வளைவதால் பழுப்புப் புள்ளிகள் போலக் காணப்படும். சாதாரண மருக்களிலும் இவ்வடையாளம் வரலாமாதலால், சிறு துண்டெடுத்துச் சோதித்தே முடிவு சொல்வார்கள்.

குரல் நாணில் நிணநீர்க் குழாய்கள் மிகக் குறைவு. ஆதலால் அங்குத் தோன்றும் புற்று நெடுநாள் அவ்விடத்திலேயே தங்கும். சிறு மாற்றமும் குரலில் உடனே தெரியும். அப்போதே கண்டால், கதிர்வீச்சோ லேசர் அறுவையோ ஒன்றே பெரும்பாலோர்க்குக் குணமளித்துக் குரலையும் காக்கும். காலம் தாழ்த்தினால் குரல்வளையையே அகற்றும் நிலை நேரலாம்.

ஆகவே புகையிலை, பீடி, பாக்கு, மது ஆகியவற்றை விலக்குவோம். கம்மல் மூன்று வாரம் நீடித்தாலும், விழுங்குவதில் தடையோ, கழுத்தில் கட்டியோ, எச்சிலில் இரத்தமோ கண்டாலும், காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் செல்வோம். ஊர்மொழி அறியாத பெரியவர்களுடன் அம்மொழி பேசும் பிள்ளைகள் துணைக்குச் செல்லட்டும். தொந்தரவு தொடங்கிய நாளையும் குறித்துக்கொண்டு போகட்டும். அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணுவது நமக்கு இயல்பு. கட்டியோ விடுமுறைக்குக் காத்திராது.