கிளிமூக்கு டைனோசருக்கு நிறம் கிடைத்த கதை

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான தாவரவியல் பூங்கா ஒன்று இருக்கிறது. டைனோசர் காலத்துச் செடிகொடிகளின் வாரிசுகளை வளர்ப்பதற்கென்றே அங்கே தனிப் பகுதி உண்டு. சுமார் பத்து வருடங்களுக்கு முன்பு, அந்த மரங்களுக்கு நடுவே ஒரு பொம்மையை நிறுத்தி வைத்துச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார்கள். லாப்ரடார் நாய் அளவு உடம்பு, கிளிக்கு இருப்பதுபோல வளைந்த அலகு, இரண்டு கன்னத்திலும் கொம்பு மாதிரி துருத்திய எலும்பு. ஆனால், கண்ணைக் கவரும் வண்ணம் எதுவும் இல்லை. தலை முதல் வால் வரை ஒரே சாம்பல் பூச்சு.

12 கோடி வருடங்களுக்கு முன்பு வாழ்ந்த ஒரு விலங்கின் நிறத்தைச் சரிபார்க்கத்தான் அந்த நிறமில்லாத பொம்மை!

விலங்கின் பெயர் சிட்டகோசாரஸ். 'கிளிப் பல்லி' என்று அர்த்தம். 1923-ல் அமெரிக்க விஞ்ஞானி ஹென்றி ஃபேர்ஃபீல்டு ஆஸ்பார்ன் வைத்த பெயர். சீனா, மங்கோலியா பக்கம் கூட்டம் கூட்டமாக வாழ்ந்த சைவப் பிராணி. வளர்ந்த பிறகும் 20 கிலோவைச் சுற்றித்தான் எடை இருக்கும். இலை, விதைகளை அலகால் நறுக்கி விழுங்கும். மிச்ச வேலையை வயிற்றில் இருக்கும் கூழாங்கற்கள் பார்த்துக்கொள்ளும், கோழிக்கு நடப்பது போலவே. சினிமாவில் டி-ரெக்ஸ் கர்ஜிக்கும்போது பின்னணியில் தெறித்து ஓடுமே சில குட்டி டைனோசர்கள், அந்த ரகம். ஹீரோ இல்லை. ஆனால், இன்று கம்ப்யூட்டரில் உயிர்கொடுக்கப்பட்ட டைனோசர்களில் ஆதாரம் மிக வலுவாக இருப்பது இந்தத் துணை நடிகருக்குத்தான்.

காரணம், ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் உள்ள சென்கன்பெர்க் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு புதைபடிவம். எலும்போடு தோலும் செதில்களும் சேர்ந்து கல்லில் பதிந்திருக்கின்றன. வாலின் மேல்பக்கம் தென்னை ஈர்க்கு மாதிரி நீண்ட முட்கள், சுமார் நூறு. முக்கியமாக, அந்தத் தோலில் சில இடம் கறுப்பாகவும் சில இடம் வெளுப்பாகவும் இருக்கிறது. (இந்தப் படிவம் சீனாவிலிருந்து முறைப்படிதான் வெளியே வந்ததா என்ற சர்ச்சை இன்றுவரை ஓயவில்லை. அதன் நிறம் பற்றிப் பெருமையாகப் பேசும் பலர் இதை ஏனோ சொல்வதில்லை.)

டைனோசரின் நிறம் நமக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை என்றுதான் ரொம்ப காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2008-ல் யாக்கோப் விந்தர் என்ற டென்மார்க்கைச் சேர்ந்த இளம் ஆய்வாளர், பழங்கால இறகு ஒன்றில் இருந்த நுண்ணிய உருண்டைகள் பாக்டீரியா அல்ல, மெலனின் பொதிகள் என்று காட்டினார். நம் முடிக்கும் தோலுக்கும் கறுப்பு தருகிற அதே மெலனின். அதன்பிறகு அவர் கவனம் ஃபிராங்க்ஃபர்ட் கல்லுக்குத் திரும்பியது.

பார்த்தால், முதுகு கருமை. பக்கவாட்டில் வர வர நிறம் குறைகிறது. வயிறும் வாலின் அடிப்பக்கமும் வெளுப்பு. முகத்தில் மட்டும் அடர்த்தியான கறுப்பு. தொடையின் உள்பக்கம் கோடு கோடாக ஒரு வேலைப்பாடு.

முதுகு கறுத்து வயிறு வெளுப்பது நமக்குப் புதிதில்லை. வெளிமானைப் பாருங்கள். மீன் மார்க்கெட்டில் மத்தியைத் திருப்பிப் பாருங்கள். பள்ளியில் பந்து வரையும்போது மேலே வெளிச்சம் விட்டு, கீழே பென்சிலால் நிழல் தேய்ப்போம் இல்லையா? அந்த நிழல்தான் வட்டத்தைப் பந்தாகக் காட்டுகிறது. மான் அதையே தலைகீழாகச் செய்கிறது. வெயில் படும் மேல்பக்கம் கறுப்பு, நிழல் விழும் கீழ்ப்பக்கம் வெளுப்பு. இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிட, தூரத்தில் இருக்கும் சிறுத்தைக்கு உடம்பின் உருட்சி தெரியாது. தட்டையாகி, புதரோடு கரைந்துவிடும்.

இங்கேதான் சாம்பல் பொம்மை வருகிறது. பிரிஸ்டலில் இருக்கும் ஓவியர் பாப் நிக்கல்ஸ், எலும்புகளை அளந்து, தசையைக் கணக்கிட்டு, செதில்களைப் பார்த்துப் பார்த்து முழு அளவு உருவத்தைச் செய்தார். அதன் சாம்பல் பிரதியைத் திறந்தவெளியிலும் மரநிழலிலும் வைத்துப் படம் எடுத்தார்கள். எந்த இடத்தில் எவ்வளவு நிழல் விழுகிறது என்று அளந்து, அந்த நிழலை மறைக்க உடம்பில் எங்கே கறுப்பு, எங்கே வெளுப்பு இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். திறந்தவெளி வெயிலுக்கு ஒரு விடை வந்தது. மரநிழலுக்கு வேறு விடை.

கல்லில் இருந்த நிறம் பொருந்தியது மரநிழல் விடையோடு. சிட்டகோசாரஸ் வாழ்ந்தது அடர்ந்த மரங்களுக்குக் கீழே! 2016-ல் 'கரன்ட் பயாலஜி' இதழில் இது வெளியானது. ஒரு பிராணியின் நிறத்தை வைத்து அதன் முகவரியையே கண்டுபிடித்துவிட்டார்கள்.

நிறம் சரி. நடை?

குட்டி எலும்பையும் பெரியதின் எலும்பையும் பக்கத்தில் வைத்தால் கை, கால் அளவு ஒத்துப்போகாது. சீன ஆய்வாளர் சீ ஜாவோ, வெவ்வேறு வயதில் இறந்த 16 சிட்டகோசாரஸ்களின் எலும்புகளை மெல்லிய சீவல்களாக வெட்டிப் பார்த்தார். மரத்தில் இருப்பதுபோல எலும்பிலும் வளர்ச்சி வளையம் உண்டு. ஒன்று முதல் மூன்று வயது வரை முன்னங்கால் வேகமாக வளர்கிறது. நான்கிலிருந்து ஆறு வயதுக்குள் பின்னங்கால் கிடுகிடுவென்று நீள்கிறது, கடைசியில் முன்னங்காலைப்போல இரண்டு மடங்கு. அதாவது, தவழும் பருவம் முடிந்து எழுந்து நிற்கிறது.

2019-ல் கிளேர் புல்லர் என்ற ஆய்வாளரின் குழு வேறு வழியில் வந்தது. குட்டி, இளசு, பெரியது என மூன்று மண்டையோடுகளை சி.டி. ஸ்கேன் செய்து, மூளை இருந்த குழியையும் காதின் உள்ளே இருக்கும் வளையக் குழாய்களையும் கம்ப்யூட்டரில் வார்த்தெடுத்தார்கள். தலை சாய்ந்தால் நமக்குத் தெரிவது அந்தக் குழாய்களால்தான். அவை அமைந்திருக்கும் கோணத்தை வைத்தே விலங்கு தலையை எப்படிப் பிடித்திருந்தது என்று சொல்லலாம். குட்டியின் கோணம் நான்கு காலில் நடப்பதற்கு ஏற்றது, பெரியதின் கோணம் இரண்டு காலுக்கு. கால் எலும்பு சொன்னதையே காதும் சொன்னது. அனிமேஷன் செய்பவர்களுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

ஆனால், எல்லாக் கதைக்கும் இப்படிச் சாட்சி அமையவில்லை. 2004-ல் 'நேச்சர்' இதழில் ஒரு படம் வந்தது. 34 குட்டிகள் நெருக்கியடித்துக் கிடக்க, அவற்றோடு பெரிய தலை ஒன்று. டைனோசர் தாய்ப்பாசம் என்று உலகமே உருகியது. 2014-ல் அதே கல்லை மறுபடி ஆராய்ந்தபோது, அந்தப் பெரிய தலைக்குச் சொந்தக்காரருக்கு வயது நாலைந்துதான் என்று தெரிந்தது. இந்த இனம் முட்டையிடும் பருவத்துக்கு வர எட்டு, ஒன்பது வயதாகும். அம்மா இல்லை, அக்காவோ அண்ணனோ காவலுக்கு இருந்திருக்கலாம் என்று கதையைத் திருத்தினார்கள். அந்தத் தலையே பிற்பாடு ஒட்டப்பட்டதோ என்ற சந்தேகமும் வேறு ஆய்வாளர்களுக்கு உண்டு. அந்தப் பகுதியில், கூடுதல் விலைக்காகக் கற்களை ஒட்டி விற்பதும் நடக்கிற காரியம்தான்.

பாசக் கதை ஆட்டம் கண்டாலும், வேறொரு கல் தாங்கி நிற்கிறது. அதில் ஆறு குட்டிகள் ஒன்றாகக் கிடக்கின்றன. ஐந்துக்கு இரண்டு வயது, ஒன்றுக்கு மூன்று. ஒரே ஈடு முட்டையில் வந்தவையாக இருக்க முடியாது. தெருப் பிள்ளைகள் சேர்ந்து திரிவதுபோல, குட்டிகள் கூட்டாக அலைந்திருக்கின்றன.

அலையாமல் என்ன செய்யும்? ரெபனோமாமஸ் என்ற பாலூட்டி ஒன்றின் வயிற்றுக்குள், விழுங்கப்பட்ட சிட்டகோசாரஸ் குட்டியின் எலும்புகள் இருந்ததை 2005-ல் கண்டார்கள். 2023-ல் வெளியான படிவம் இன்னும் பயங்கரம். ஒன்றேகால் மீட்டர்கூட இல்லாத சிட்டகோசாரஸ். அதன்மேல் ஏறி, தாடையை ஒரு காலால் பிடித்து, விலா எலும்பில் பல்லைப் பதித்திருக்கும் அரை மீட்டர் பாலூட்டி. எரிமலைச் சேறு இரண்டையும் அப்படியே மூடிவிட்டது. ஒட்டு வேலையோ என்ற பயத்தில், ஆய்வாளர்கள் பாறையைச் சுரண்டி, பாலூட்டியின் கீழ்த்தாடை உள்ளே தொடர்கிறதா என்று சோதித்துவிட்டுத்தான் எழுதினார்கள். தொடர்ந்தது.

ஃபிராங்க்ஃபர்ட் கல் இன்னும் பேசிக்கொண்டே இருக்கிறது. 2021-ல் அதன் வாலடியில் இருக்கும் கழிவுத் துவாரத்துக்கென்றே ஒரு முழு ஆய்வு வந்தது. அந்த இடத்தைச் சுற்றியும் கருமை இருந்ததால், இணையைக் கவரும் அடையாளமோ என்று யோசிக்கிறார்கள். 2022-ல் லேசர் ஒளியில் ஒளிரவைத்துப் பார்த்தபோது, வயிற்றில் நீளமாக ஒரு தழும்பு. முட்டைக்குள் இருந்தபோது மஞ்சள் கருவோடு இணைந்திருந்த இடம், அதாவது டைனோசரின் தொப்புள்.

வாலில் அந்த நூறு முட்கள் எதற்கு என்பதில் மட்டும் இன்னும் யாரும் ஒத்துப்போகவில்லை. கவர்ச்சிக்கு என்கிறார்கள் சிலர். நிக்கல்ஸ் தன் பொம்மையில் அவற்றை ஒன்று விடாமல் நட்டுவைத்திருக்கிறார்.