தலையெண்ணிக்கையும் கல்விக் கணக்கும்



2023-ஆம் ஆண்டில் இந்தியா சீனத்தை மக்கள்தொகையில் விஞ்சிவிட்டதாக ஒன்றிய நாடுகள் அவை அறிவித்தது. அது கேட்டுத் தோள்தட்டியவர் பலர். தலையை எண்ணி மகிழ்வது ஆட்டுக்கிடைக்கு ஒக்கும்; நாட்டுக்கு ஒக்குமோ?

அவ்வவையின் 2024-ஆம் ஆண்டு முன்கணிப்பின்படி, இந்தியா 2060-களின் தொடக்கத்தில் 170 கோடியளவை எட்டிப் பின்னர் இறங்கி, 2100-இல் 150 கோடியளவில் நிற்கும். சீனமோ 63 கோடியாகச் சுருங்கும். இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்துச் சீனம் தேய்கிறது, இந்தியா வளர்கிறது என்று முடிவு கட்டுவோர், அத்தலைகளுக்குள் என்ன இருக்கும் என்று கேட்பதில்லை.

அக்கேள்வியைக் கேட்டவர், வியன்னாவில் பணியாற்றும் மக்கள்தொகை அறிஞர் உல்ப்காங்கு உலூட்சும் அவர்தம் குழுவினரும் ஆவர். அகவை, பால் என்னும் இரண்டோடு கல்வியையும் மூன்றாவதாகச் சேர்த்து அவர்கள் கணித்தனர். அதன் நுட்பம் எளியது. ஒருவரது பள்ளிக்கல்வி பெரும்பாலும் இளமையிலேயே முடிந்துவிடுகிறது; பின்னர்ச் சாகுமட்டும் அது மாறுவதில்லை. 2011-இல் இருபது அகவையில் எழுத்தறியாதிருந்த பெண், 2050-இல் ஐம்பத்தொன்பது அகவையிலும் பெரும்பாலும் அந்நிலையிலேயே இருப்பார். ஆகவே இன்றைய வகுப்பறையைக் கொண்டே நாற்பதாண்டுக்குப் பிந்திய நாட்டைச் சொல்லிவிடலாம். உலகெங்கும் பள்ளிகள் விரைந்து பெருகினால் 2050-இல் மக்கள்தொகை எவ்வளவு, தேங்கினால் எவ்வளவு என்று 2011-இல் அவர்கள் கணித்தபோது, இடையே ஏறத்தாழ 100 கோடிப் பேர் வேறுபாடு வந்தது!

இக்கண்கொண்டு இருநாடுகளையும் நோக்குக. சீனம் 1986-இல் ஒன்பதாண்டுக் கட்டாயக் கல்விச் சட்டம் செய்தது. 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், பதினைந்து அகவையும் அதற்கு மேலும் ஆன சீனர் நிரவலாக 9.9 ஆண்டுகள் பயின்றிருந்தனர். இந்தியாவிலோ, 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம், பதினான்கு அகவை வரை எல்லார்க்கும் கட்டணமில்லாக் கட்டாயக் கல்வியைப் பத்தாண்டுக்குள் வழங்க முயல வேண்டும் என்று எழுதிவைத்தது. அதற்கான உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010-இல்! பத்தாண்டு அறுபதாண்டாயிற்று. 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, ஏழகவை நிரம்பிய பெண்களுள் மூவருக்கு ஒருவர் எழுத்தறியாதவர்.

சீனத்தின் மகப்பேறு குறைந்தது கல்வியால் மட்டுமன்று. 1970-களின் அரசு நெருக்கடியும், 1980-இல் வந்த ஒற்றைப்பிள்ளைக் கட்டளையும் அதில் உண்டு. அக்கொடுமையை நாம் போற்றவில்லை. அத்தகைய கட்டளை இன்றியே அது கைகூடும் என்பதற்குச் சான்று நம் தென்கோடியிலேயே இருக்கிறது.

2011-இல் எழுத்தறிவில் தமிழ்நாட்டின் முதல் மாவட்டம் குமரி; 91.75 விழுக்காடு. 2001 முதல் 2011 வரை அதன் மக்கள்தொகை 11.6 விழுக்காடே பெருகியது. தமிழ்நாடு முழுவதும் 15.6, பீகாரில் 25.4. இது ஒருநாளில் விளைந்ததன்று. நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின்கீழ் இருந்த காலத்தில், 1817-இலேயே கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று அரசி பார்வதிபாய் ஆணையிட்டார். அதற்குச் சில ஆண்டுகளுக்குள் கிறித்தவத் தொண்டர்தம் துணைவியர் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினர். அங்கே பின்னல்வேலை கற்ற அடிமைச் சிறுமியர் சிலர், அவ்வேலையால் ஈட்டிய காசைக் கொடுத்தே தம்மை மீட்டுக்கொண்டனர். மேலாடை அணியும் உரிமைக்கே 1859 வரை போராட வேண்டியிருந்த மண் அது! அம்மகளிரின் கொள்ளுப்பேத்தியர் இரண்டு பிள்ளைகளோடு நிறுத்திக்கொண்டதில் வியப்பென்ன? 2019–21-இல் எடுக்கப்பட்ட நாடு தழுவிய குடும்பநல ஆய்விலும், பள்ளி செல்லாத பெண்ணுக்கு 2.8 பிள்ளைகள், பன்னிரண்டாண்டும் அதற்கு மேலும் பயின்ற பெண்ணுக்கு 1.8 பிள்ளைகள் என்றே கணக்கு வந்தது.

இதற்குத் தில்லி தரும் பரிசு யாது? 1962 தேர்தலில் நாடாளுமன்ற மக்களவையில் நமக்கு 41 இடங்கள், 1967-இல் 39. கரணியம், தலையெண்ணிக்கை. 1976-இல் அவ்வெட்டு நிறுத்திவைக்கப்பட்டது. 2001-ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை, 2026-க்குப் பின் எடுக்கப்படும் முதற் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. நடுவணரசின் வல்லுநர் குழு 2020-இல் தந்த கணிப்பின்படி, 2011-இல் 7.2 கோடியாயிருந்த தமிழ்நாடு 2036-இல் 7.8 கோடி, 10.4 கோடியாயிருந்த பீகார் 15 கோடியை நெருங்கும். மகளைப் பள்ளிக்கு அனுப்பியவனுக்கு இருக்கை குறைவு, அனுப்பாதவனுக்கு மிகுதி. அந்தப் பீகார்ச் சிறுமி மீது நமக்குச் சினமில்லை. அவளைப் பள்ளிக்கு வெளியே நிறுத்திய ஆட்சியாளர்க்கே இந்த ஊதியம் போய்ச் சேர்கிறது.

இதற்கு விடையாக, நாமும் பிள்ளைகளைப் பெருக்குவோம் என்பார் உளர். பதினாறு பிள்ளைகள் பெறலாமே என்னும் பேச்சு 2024-இல் தமிழ்நாட்டு முதலமைச்சர் வாயினின்றே எழுந்தது. பகடியே ஆயினும், நம் பெண்டிர் இருநூறு ஆண்டுகளாக ஏறிவந்த படியினின்று இறங்கச் சொல்லும் பேச்சன்றோ அது! மாற வேண்டியது தொட்டிலன்று, அளவுகோல்.

அளவுகோலை மாற்ற இயலாதென்பதும் பொய். 2021 முதல் 2026 வரைக்கான வரிப்பங்கீட்டை வகுத்த 15-ஆம் நிதிக்குழு, 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக்கு 15 விழுக்காடு இடமளித்ததோடு, மகப்பேற்றைக் குறைத்த மாநிலங்களைக் கருதித் தனியே 12.5 விழுக்காடு ஒதுக்கியது. பணத்தைப் பகிரும்போது இயன்றது, இருக்கையைப் பகிரும்போது மட்டும் ஏன் இயலாது?