பங்களிப்பாளர் என்னும் பெயரில்

இணையப் படக்கிடங்கு நிறுவனங்கள் தமக்குப் படம் தருவோரைத் தொழிலாளர் என்றோ விற்பனையாளர் என்றோ அழைப்பதில்லை, ‘பங்களிப்பாளர்’ என்கின்றன. பங்கை அளிப்பவர் யாரென்று இச்சொல் சொல்கிறது, பெறுபவர் யாரென்பதை விட்டுவிடுகிறது. கூலி என்றால் பேரம் பேசலாம். பங்களிப்புக்கு நன்றிதான் கிடைக்கும்.

கோலார் தங்கவயலின் சயனைடு மேடுகளைப் படமெடுத்து விற்க முனையும் ஓர் இளைஞரை எண்ணிப் பாருங்கள். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டபின் இவ்வூரார் பலருக்கு விடியற்காலைப் பெங்களூர் ரயிலே பிழைப்பாயிற்று. அதில் ஏற விரும்பாதவருக்குக் கேமரா ஒரு வழியாகத் தோன்றுவது இயல்பு. அவர் சென்று சேருமிடத்தில் சந்தாக் கணக்கு காத்திருக்கிறது.

ஷட்டர்ஸ்டாக் நிறுவனம் 2020 ஜூன் வரை சந்தாப் பதிவிறக்கம் ஒன்றுக்கு 25 முதல் 38 சென்ட் வரை நிலையான தொகை தந்தது. பிறகு விழுக்காட்டு முறைக்கு மாறியது: தொடக்கப் படியில் 15, ஆண்டுக்கு 25,000 பதிவிறக்கங்களைத் தாண்டினால் 40. மாதம் 200 டாலர் சந்தாவில் 750 படங்கள் எடுக்கலாம் எனக் கொள்வோம். ஒரு படத்தின் விலை ஏறத்தாழ 27 சென்ட். அதில் 15 விழுக்காடு 4 சென்ட். இதை வெளியில் சொல்ல நிறுவனத்துக்கே கூசியது போலும், குறைந்தது 10 சென்ட் என்று வரம்பு வைத்தது. சந்தாதாரர் அம்மாதம் 50 படங்களே எடுத்தால், கீழ்ப்படியில் உள்ளவர்களுக்குச் சேருவது மொத்தம் 5 டாலர். எடுக்கப்படாத 700 படங்களுக்கான பணம் படமெடுத்த எவரையும் அடைவதில்லை. சந்தா முறையின் உயிர்நாடி இந்த எடுக்கப்படாத படங்களே.

ஜனவரி 1 வந்ததும் அனைவரும் மீண்டும் கீழ்ப்படிக்கு இறக்கப்படுகின்றனர். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கியவரின் பணிக்காலத்தைக்கூடப் புத்தாண்டுதோறும் எவரும் அழித்ததில்லை.

‘விலை குறைந்தால் எண்ணிக்கை கூடும், வருமானம் ஈடாகும்’ என்று பொருளியல் நண்பர்கள் கூறுவர். கிடங்குக்காரருக்கு ஈடாகும், அவரிடம் கோடிக்கணக்கான படங்கள் உள்ளன. 200 படங்கள் வைத்திருப்பவருக்கு எந்த எண்ணிக்கை கூடும்? 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்துத் தங்கவயல் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது சுரங்கம் நின்றது. 2020இல் படைப்பாளர் பலர் தம் படங்களை விற்பனையிலிருந்து விலக்கியபோது கிடங்கு நிற்கவில்லை. அதில் 30 கோடிக்கு மேற்பட்ட படங்கள் இருந்தன. ஒருவர் விலகிய இடம் வாங்குபவர் கண்ணில் படுவதே இல்லை.

இதில் மொழி உழைப்பும் அடங்கும். ஒவ்வொரு படத்துக்கும் ஆங்கிலத்தில் குறைந்தது 7 குறிச்சொற்கள், 50 வரை, படமெடுத்தவரே எழுதவேண்டும். தங்கம் பிரித்தெடுத்த கழிவு குவிந்து எழுந்த மேடு அங்கே வெறும் ‘பாலைவனக் குன்று’ ஆகிறது, தேடுவோர் அப்படித்தானே தேடுவர். சயனைடு என்று எழுதினால் எவர் வாங்குவார்? படத்தையும் குறிச்சொல்லையும் இணையாகக் கொண்டே படம் உருவாக்கும் செயற்கை நுண்ணறிவு பயிற்றுவிக்கப்படுகிறது. ஓப்பன்ஏஐயுடன் கொண்ட உடன்பாட்டை 2022இல் விரிவாக்கிய ஷட்டர்ஸ்டாக், படைப்பாளருக்கென ஒரு நிதியையும் அறிவித்தது. அந்நிதிக்கும் பெயர் பங்களிப்பாளர் நிதி.

ஆய்வுலகம் இதைக் கண்டு வியக்கத் தேவையில்லை. ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. கட்டுரை எழுதிய நமக்கு அதில் ஒரு காசும் இல்லை. நமக்காவது ஊதியமோ உதவித்தொகையோ உண்டு (தாமதமாகவேனும்). படமெடுப்பவருக்கு அதுவும் கிடையாது.

2012ஆம் ஆண்டுப் பதிப்புரிமைத் திருத்தத்தின்படி, திரைப்படத்தில் இடம்பெறும் பாடலை எழுதியவரும் இசையமைத்தவரும் தம் உரிமத்தொகைப் பங்கை எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது. புகைப்படக் கலைஞருக்கு அப்பாதுகாப்பு இல்லை. அதை அவருக்கும் விரிவாக்க வேண்டும். சந்தாவில் பயன்படுத்தாது எஞ்சும் தொகையையும் பதிவிறக்கப்பட்ட படங்களின் உரிமையாளருக்கே பகிர வேண்டும். ஜனவரி அழிப்பு நீக்கப்பட வேண்டும். சட்டத்துறை நண்பர்கள் வரைவு எழுத முன்வந்தால், குறிச்சொற்கள் பற்றிய பகுதியை நான் எழுதித் தருகிறேன்.