ஏற்றத்திலும் நிதானம் வேண்டும்

அமெரிக்க மலைப்பாதைகளில் மின்சார சைக்கிளை விடலாமா என்ற சண்டை, தேசியப் பூங்காக்களை நிர்வகிக்கும் அமைச்சகம் 2019-இல் பச்சைக்கொடி காட்டிய பின்னும் ஓயவில்லை. மண் அரிப்பைக் காரணம் காட்டுபவர்களுக்கு 2015-இல் ஆரிகன் காட்டில் நடந்த ஆய்வு பதில் சொல்கிறது: மிதித்தால் மட்டும் உதவும் வகை, சாதாரண மலைச்சைக்கிளைவிடக் குறிப்பிடும்படி அதிகமாக மண்ணைப் பெயர்க்கவில்லை. சிக்கல் ஏற்றத்தில்தான். இறங்குபவர் ஏறுபவருக்கு வழிவிடும் மரபு, ஏறுபவர் மெதுவாகத்தான் வருவார் என்று நம்புகிறது. மணிக்கு 32 கிலோமீட்டர் வரை கைகொடுக்கும் மோட்டார் அந்தக் கணக்கைக் குலைக்கிறது.

முழங்கால் தேய்ந்தவர்களும் முதியவர்களும் மலையேற வேறு வழி ஏது என்பார்கள். நியாயம்தான், ஆனால் அது பாதையில் நுழையும் உரிமைக்கான வாதம், வேகத்துக்கானதல்ல. நடப்பவருக்கும் குதிரைக்கும் எந்தச் சரிவிலும் வழிவிடுவது, முந்தும் முன் குரல் கொடுப்பது, மூச்சுவாங்க மிதிப்பவரை நெருக்காமல் காத்திருப்பது ஆகியவற்றை ஏற்பவருக்குத் தடை தேவையில்லை.