22 டிசம்பர் 1945: ஒரு தேதி செஞ்ச வேலை

ரெண்டாம் உலகப் போர்னா நமக்கு ஹிட்லர், ஹிரோஷிமா, அதுக்கப்புறம் 'சுபம்'னு கார்டு. வதை முகாம்ல இருந்து உயிரோட வந்த யூதர்கள் அப்புறம் எங்க போனாங்கன்னு யாரும் பெருசா கேக்குறதில்ல. பல ஆயிரம் பேர் எங்கயும் போகல. ஜெர்மனியிலேயே இன்னொரு முகாம்ல உக்காந்திருந்தாங்க.

1945 கோடையில அமெரிக்க அதிபர் ட்ரூமன், நிலைமையைப் பாத்துட்டு வரச் சொல்லி எர்ல் ஹாரிசன் என்கிற சட்டக்கல்லூரி டீனை அனுப்பினார். அவர் பாத்தது முள்வேலி, காவல், இன்னும் அதே கைதி உடுப்போட சில பேர். 'நாம கொல்லலை, அது ஒண்ணைத் தவிர நாஜிகள் நடத்தின மாதிரிதான் நடத்துறோம்'ங்கிற அர்த்தத்துல அறிக்கை குடுத்தார். 1 லட்சம் பேரை பாலஸ்தீனத்துக்கு அனுப்பலாம்னும் சொன்னார்.

பாலஸ்தீனம் அப்போ பிரிட்டன் கையில. ட்ரூமன் கேட்டார். பிரிட்டிஷ் பிரதமர் அட்லி கமிட்டி போட்டார் (கமிட்டி எதுக்குன்னு நமக்குத் தெரியாதா!). ரெண்டு நாட்டுலயும் ஆளுக்கு 6 பேர். 1946-ல அவங்களும் அதே 1 லட்சத்தைத்தான் சொன்னாங்க. பிரிட்டன் அதைக் கிடப்புல போட்டுச்சு. 1947-ல எக்ஸோடஸ் கப்பல்ல வந்த சுமார் 4,500 பேரைத் திருப்பி அனுப்பி, கடைசியா எங்க இறக்கினாங்க தெரியுமா? ஹாம்பர்க். ஜெர்மனி!

இங்க எல்லாரும் பிரிட்டனைத் திட்டிட்டுப் போயிடுவாங்க. எனக்கு அமெரிக்கா மேலதான் கோபம் அதிகம். 'நியூயார்க்ல யூதர்கள் நிறைய சேர்றது அவங்களுக்குப் பிடிக்கல'ன்னு பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் பெவின் 1946-ல குத்தலா சொன்னார். விஷமப் பேச்சுதான். ஆனா அமெரிக்கா 1924-ல போட்ட குடியேற்ற கோட்டா அப்படியேதானே இருந்துச்சு?

1948-ல ஒருவழியா சட்டம் வந்துச்சு. சுமார் 2 லட்சம் அகதிகளுக்கு விசா. ஒரு கண்டிஷன்: 22 டிசம்பர் 1945-க்குள்ள ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலி இதுல ஒண்ணுக்குள்ள வந்திருக்கணும். ஆனா 1946 ஜூலையில போலந்துல கீல்ட்ஸே ஊர்ல 42 யூதர்களைக் கொன்னாங்க. அதுக்கப்புறம்தான் ஆயிரக்கணக்கான யூதர்கள் அங்கிருந்து தப்பி இந்த முகாம்களுக்கு வந்தாங்க. அத்தனை பேரும் அவுட். இதுல விவசாயிகளுக்கு 30 சதவீதம் வேற. யூதர்கள்ல விவசாயிகள் ரொம்பக் கம்மி.

சட்டத்துல 'யூதர் வேண்டாம்'னு எங்கயும் இல்ல. தேவையும் இல்ல. டேட்டாபேஸ் பக்கம் வேலை பாக்குற யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, பேரே சொல்லாம ஆளை வடிகட்ட ஒரு தேதி கண்டிஷன் போதும். கையெழுத்துப் போட்ட ட்ரூமனே இது யூதர்களுக்குப் பாரபட்சமானதுன்னு சொல்லிட்டுத்தான் போட்டார். 1950-ல தேதியை மாத்தினாங்க. அதுக்குள்ள இஸ்ரேல் உருவாகி, முகாம்ல இருந்தவங்கள்ல பெரும்பாலானவங்க அங்க போயாச்சு. அதே 1948-ல சுமார் 7 லட்சம் பாலஸ்தீன அரபுகள் வீட்டை இழந்தாங்க. ஒரு பக்கம் முகாம் காலி, இன்னொரு பக்கம் புதுசா முகாம்.

'யூதர்களே பாலஸ்தீனம்தானே கேட்டாங்க?'ன்னு நீங்க கேக்கலாம். ஆமா, நிறைய பேர் கேட்டாங்க. அவ்வளவு பட்டவங்க சொந்த நாடு கேட்டது நியாயம்தான். ஆனா மத்த கதவையெல்லாம் சாத்திட்டு 'அவங்க விருப்பம்'னு சொல்றது நியாயமா?

அடுத்தவன் வீட்டுல 1 லட்சம் பேருக்கு இடம் கேக்குறது சுலபம். எந்த நாடாவது அகதிகளுக்காக உருகினா பேச்சை விடுங்க, சட்டத்துல என்ன தேதி போட்டிருக்காங்கன்னு பாருங்க.